இருபத்திரண்டு நிமிடம்

படிவம் முதலில் குடும்பப் பெயரைக் கேட்கிறது.
முன்சாமி.
முனிசாமியின் ஓர் இகரத்தை
நேட்டால் துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
விழுங்கிவிட்டான்.
ஐந்து தலைமுறையாய் அந்தப் பிழைக்குத்தான்
கையெழுத்துப் போட்டு வருகிறோம்.
எழுதியது எழுதியதுதான்.

அடுத்த கட்டம்:
கடைசிச் சுழற்சியின் மதிப்பீட்டை இணைக்கவும்.

ஸ்டேங்கர், மகப்பேறு, ஆறு மாதம்.
டாக்டர் ஃபூரியின் கையெழுத்து
சர்க்கரையைக் கண்ட எறும்புச்சாரி.
பாடஅறிவு, ஐந்துக்கு நான்கு.
நோயாளிகளிடம் நடத்தை, ஐந்துக்கு ஐந்து.
உரிய நேரத்தில் உதவி கேட்டல், இரண்டு.
கீழே ஒரே ஒரு வரி:
நல்ல மருத்துவர்; காத்திருக்கிறார்.

தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
காத்தல் என்றால் காப்பாற்றுதலும்தானே.
யாரையோ காத்து நின்றதுபோல்
கொஞ்சம் கௌரவமாகக்கூட ஒலித்தது.
அவர் எழுதிய ஆங்கிலத்தில்
அப்படியொரு பின்வாசல் கிடையாது.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய் இரவு.
பிரசவம் முடிந்து பதினோரு நிமிடத்தில்
இரத்தம் நிற்கவில்லை.
வயிற்றை அழுத்திப் பிடித்தபடி
நனைந்த துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
சிஸ்டர் நொம்புசோ
என்னைப் பார்த்தாள்,
தொலைபேசியைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
முந்தின வாரம்தான் ஃபூரி
'இதற்கெல்லாமா எழுப்புவாய்' என்றிருந்தார்.
இன்னும் ஒரு துணி, என்றேன் எனக்குள்.
இன்னும் ஒன்று.

இருபத்திரண்டு நிமிடம்.
அவள் பிழைத்தாள்.
அது என் சாமர்த்தியம் இல்லை,
இரத்த வங்கியின் குளிர்பெட்டி
அன்றைக்கு நிறைந்திருந்தது,
அவ்வளவுதான்.

டர்பனில் இடம் நான்கு.
விண்ணப்பம் இருநூறைத் தாண்டும் என்கிறார்கள்.
'உங்களைப் பற்றி ஐந்நூறு சொற்களில்' என்ற பெட்டியில்
முதல் முறை எழுதியதில்
ஃபூரி ஒரு பூதம்.
அழித்தேன்.
இரண்டாம் முறை எழுதியதில்
நான் சிறுவயது முதலே சேவைக்கென்று பிறந்தவள்.
அதைப் படித்து எனக்கே சிரிப்பு வந்தது.
அந்த மதிப்பீட்டை விட்டுவிட்டு
அதற்கு முந்தினதை இணைத்தால்?
எல்லாக் கட்டத்திலும் நான்கு, ஐந்து;
எலும்பு வார்டில் யாரும்
என்னைக் கவனித்ததேயில்லை என்பதற்கு அத்தாட்சி.

நொம்புசோவுக்கு அனுப்பிக் கேட்டேன்.
நள்ளிரவுப் பணியிலிருந்து பதில் வந்தது:
'இரண்டா? நானாக இருந்தால் ஒன்றரை.'
அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் முகம்.
அதற்கும் கீழே, சற்று நேரம் கழித்து:
'போன மாதம் ஆறு நிமிடத்தில் கூப்பிட்டாயே,
அதை எழுது.'

அதை மறந்தே போயிருந்தேன்.
வேறொரு இரவு, வேறொரு பெண்.
கூப்பிட்டபோது எதற்கும் தேவைப்படவில்லை;
ஃபூரி வந்து, பார்த்து,
கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.
'வீணாக எழுப்பினாய்' என்றார்.
'ஆமாம்' என்றேன்.
என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாய்
யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

எழுதினேன்.
இருபத்திரண்டு என்று முதல் வரியில்,
ஆறு என்று கடைசியில்.
நடுவில் என்ன நடந்தது என்பதற்கு
எனக்கும் சரியான சொல் இல்லை;
நானூற்றுப் பதினேழோடு நிறுத்திக்கொண்டேன்.

ஃபூரியின் தாள்
எண்பத்து மூன்று சதவீதம் ஏறியபோது
மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படிதான், குறை சொல்ல முடியாது.
இருட்டில் கைப்பேசியின் கடைசி டேட்டாவை
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நின்றேன்.
இப்போது விட்டுவிட ஒரு காரணம் இருந்தது,
என் தவறு இல்லாத காரணம்.
எண்பத்து நான்கு.
எண்பத்து நான்கு.
தொண்ணூறு.

உடனே ஒரு தானியங்கி மடல்:
அன்புள்ள டாக்டர் முனுசாமி,
விண்ணப்பம் கிடைத்தது, எட்டு வாரம் பொறுக்கவும்.

போன எழுத்து ஒன்று
வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.
திருத்தச் சொல்லி இப்போதே எழுத வேண்டும்.
இந்த முறை காத்திருக்கப் போவதில்லை.